கிடங்கில் கிடந்த குழாய்: கண்ணாடியிழைக் குழாய்ச் சோதனையின் வரலாறு

கண்ணாடியிழைக் குழாய் துருப்பிடிக்காது. அதன் புகழும் அதைச் சோதிப்பதில் உள்ள சிக்கலும் இந்த ஒரே பண்பிலிருந்துதான் தொடங்குகின்றன. இரும்புக் குழாய் கெட்டால் நிறம் மாறும், செதில் செதிலாக உரியும், அடிபட்ட இடத்தில் நெளியும். பத்து ஆண்டு வெளியில் கிடந்த இரும்புக் குழாயின் நிலையை அனுபவமுள்ள கண் தொலைவிலிருந்தே ஓரளவு சொல்லிவிடும். ஃபைபர்கிளாஸ் குழாய் அப்படியல்ல. லாரியிலிருந்து உருண்டு விழுந்தாலும் நெளியாமல் பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். வெளியே பெரிதாக அடையாளம் எதுவும் இல்லாமல் உட்சுவரில் விரிசல் விட்டிருக்கும். 1948-இல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது முதல், இக்குழாயைக் கையாண்டவர்கள் கண்ணுக்குத் தெரியாத சேதத்தைக் கண்டறியும் வழிகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்கள். சேமிப்பில் கிடந்த குழாயை ஆலையில் பொருத்துமுன் இன்று செய்யப்படும் சோதனைகள் எல்லாம் அப்படிக் கற்றதன் பயனே.

குழாயைப் பதிக்குமுன் சோதிப்பது வார்ப்பிரும்புக் காலத்து வழக்கம். வார்ப்பில் விரிசல் விட்ட குழாயைச் சுத்தியலால் தட்டினால் ஓசை மங்கும். நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும். அமெரிக்க நீர்வழங்கல் சங்கமான ஏ.டபிள்யூ.டபிள்யூ.ஏ. 1908-இல் ஏற்ற வார்ப்பிரும்புக் குழாய் விதிகளில் இந்தத் தட்டல் எழுத்திலேயே இடம்பெற்றது. குழாயில் நீரை ஏற்றி அழுத்தம் கொடுக்க வேண்டும். பொறியாளர் கேட்டால் அந்த அழுத்தம் இறங்குமுன்பே சுத்தியலால் தட்டிக் காட்ட வேண்டும். எஃகுக் குழாய் பரவியபின் தட்டல் தேய்ந்தது, ஆலையிலேயே நீரழுத்தம் கொடுத்துப் பார்ப்பது நிலைத்தது. ஆகவே கண்ணாடியிழைக் குழாய் வந்தபோது கண், காது, நீரழுத்தம் என்ற மூன்று கருவிகளும் தயாராகவே இருந்தன. மூன்றுமே புதிய பொருளிடம் பழையபடி வேலை செய்யவில்லை.

பொருளின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் எட்வர்ட் லிபி, கண்ணாடி நூலும் பட்டும் சேர்த்து நெய்த ஆடையைக் காட்சிக்கு வைத்தார். அது வியப்புப் பொருளாகவே நின்றுவிட்டது. 1932-இல் ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனத்தில் கேம்ஸ் ஸ்லேட்டரின் குழுவில் இருந்த டேல் கிளைஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் கண்ணாடிக் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்ட முயன்றபோது, உருகிய கண்ணாடியின் மீது அழுத்தக் காற்று பாய்ந்து அதை மெல்லிய இழைகளாகச் சிதறடித்தது. அந்த விபத்திலிருந்து மலிவான கண்ணாடியிழை வந்தது. 1938-இல் ஓவன்ஸ்-கார்னிங் ஃபைபர்கிளாஸ் நிறுவனம் உருவானது. அதே காலத்தில் கார்ல்டன் எல்லிஸ் பாலியெஸ்டர் ரெசினுக்குக் காப்புரிமைகள் பெற்றார். சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டனும் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீயும் எபாக்சி ரெசினுக்கு வழி வகுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ரேடார் மூடிகளில் இழையும் ரெசினும் கைகோத்தன. போர் முடிந்ததும் இந்தக் கூட்டுப்பொருள் புதிய வேலை தேடியது. எண்ணெய் வயல்களில் அந்த வேலை காத்திருந்தது.

எண்ணெய்க் கிணறுகளிலிருந்து எண்ணெயோடு உப்புநீரும் வரும். ஹைட்ரஜன் சல்பைடும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த அந்த நீர் எஃகை அரித்துத் தின்னும். கிணற்றுநீரைத் திரும்ப நிலத்துக்குள் செலுத்தும் குழாய்த்தொடர்களில் எஃகை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது. அங்கேதான் ஃபைபர்கிளாஸ் குழாய்க்கு முதல் வாய்ப்புக் கிடைத்தது. இன்றும் அது மிகுதியாகப் பயன்படும் துறைகளில் எண்ணெய்த் துறை ஒன்று. 1950-களின் பிற்பகுதியில் பெரிய விட்டங்கள் செய்ய முடிந்தபோது ரசாயன ஆலைகள் அதை எடுத்துக்கொண்டன. 1960-களிலிருந்து நகரங்களின் குடிநீர், கழிவுநீர்த் தொடர்களிலும் அது நுழைந்தது.

செய்முறைகள் இரண்டு பாதைகளில் வளர்ந்தன. ஒன்று, சுழலும் அச்சுக்குள் இழையையும் ரெசினையும் செலுத்தி, சுழற்சி விசையால் சுவரில் படியவைப்பது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1957-இல் தொடங்கிய ஹோபாஸ் முறை இந்த வகையைச் சேர்ந்தது. மற்றொன்று, ரெசினில் தோய்ந்த இழைகளைச் சுழலும் உருளையின் மேல் சாய்கோணத்தில் சுற்றுவது. உள்ளழுத்தம் உள்ள குழாயில் சுற்றுவட்டத் தகைவு நீளவாட்டுத் தகைவைப்போல் இரு மடங்கு. அந்த விகிதத்துக்கு ஈடுகொடுக்கும் சாய்வு ஏறத்தாழ 55 பாகை. அதனால்தான் பல குழாய்களின் மேல் அந்தக் குறுக்கு வரிகள் தெரிகின்றன. எந்த முறையில் செய்தாலும் சுவர் ஒரே சீரான பொருள் அல்ல. உட்புறம் ரெசின் மிகுந்த மெல்லிய தடுப்புப் படலம் இருக்கும். ரசாயனத்தையும் நீரையும் தடுப்பது அதன் வேலை. அதற்கு வெளியே இழை நிறைந்த சுவர் அழுத்தத்தைத் தாங்கும். வெளிப்புறம் வெயிலையும் சிராய்ப்பையும் எதிர்கொள்ளும் ரெசின் பூச்சு. உட்படலம் உடைந்தால் சுவரின் வலிமை அன்றைக்கே குறையாது. ஆனால் காவல் போய்விடும். கண்ணாடியிழைக் குழாய்ச் சோதனையின் வரலாறு முழுவதும் இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் படலத்தைச் சுற்றியே நடக்கிறது என்றால் மிகையாகாது.

எஃகுக்குப் பழகிய கைகளிடம் புதிய குழாய் வந்து சேர்ந்ததுதான் முதல் இடர். எடை எஃகில் நான்கில் ஒரு பங்களவே என்பதால் இறக்குவதும் அடுக்குவதும் எளிதாக இருந்தது. அந்த எளிமையே அலட்சியத்துக்கு இடம் கொடுத்தது. சங்கிலியும் கம்பிவடமும் போட்டுத் தூக்குவது, லாரியின் பக்கப்பலகையைத் திறந்து உருட்டிவிடுவது, முனையைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது ஆகிய எல்லாம் எஃகுக்குத் தாங்கும். ஃபைபர்கிளாஸில் சங்கிலி இழையை அறுக்கும். முனையில் விழும் அடி சுவரின் அடுக்குகளைப் பிரிக்கும். தயாரிப்பாளர்களின் கையேடுகளில் பின்னாளில் கட்டளைகளாக இடம்பெற்றவை அகலமான நைலான் பட்டையால் தூக்குதல், சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே மரக்கட்டை வைத்தல், முனைகளுக்கு மூடி போடுதல் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் உடைந்த குழாய்கள் உண்டு. அமெரிக்க எண்ணெய்த் துறை அமைப்பான ஏ.பி.ஐ., கண்ணாடியிழைக் குழாய்களைப் பேணுவதற்கும் பயன்படுத்துவதற்கும் தனியாகவே ஒரு பரிந்துரை நூல் வெளியிட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 1999-இல் வந்தது. ஏற்றுவது, இறக்குவது, சேமிப்பது ஆகியவற்றுக்குத் தனி நூல் தேவைப்பட்டதே, கிடங்கில் கழியும் காலத்தைத் துறை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டது என்பதற்குச் சான்று.

கண்ணால் பார்க்கும் சோதனைக்கு முதலில் ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. ஒருவர் குமிழி என்பதை இன்னொருவர் கொப்புளம் என்பார்; வாங்குபவர் தள்ளுவதை விற்பவர் ஏற்கச் சொல்வார். அமெரிக்க வணிகத் துறையின் தேசிய தர நிர்ணயப் பணியகம் 1969-இல் வெளியிட்ட பி.எஸ். 15-69 என்ற தர ஆவணம், கையால் அடுக்கிச் செய்த பாலியெஸ்டர் ரசாயனக் கலங்களுக்கும் குழாய்களுக்கும் எந்தக் குறை எவ்வளவு வரை ஏற்கத்தக்கது என்று வரையறுத்தது. பொருள்களுக்கும் சோதனைகளுக்கும் தரம் வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பின் டி 2563 தரம், கண்ணாடியிழைப் பொருள்களில் காணும் குறைகளை ஒவ்வொன்றாக விளக்கி மூன்று ஏற்பு நிலைகளைத் தந்தது. குமிழி, கொப்புளம், விரிசல், மயிர்க்கீறல், அடுக்குப் பிரிவு, ரெசின் ஊறாத உலர்ந்த இடம், அயற்பொருள், சுருக்கம், புழு துளைத்ததுபோன்ற நீள்துளை என்று அந்தப் பட்டியல் நீளும். பார்வைச் சோதனை என்பது பார்ப்பவரின் மனப்போக்கைப் பொறுத்தது என்ற நிலை இவ்விரு ஆவணங்களால் மாறியது. பின்வந்த தரங்கள் பலவும் இந்தப் பட்டியலையே அடித்தளமாகக் கொண்டன.

பார்க்கும் முறையிலும் கண்ணாடியிழை தனி வழி கேட்டது. நிறமி சேர்க்காத குழாயின் சுவர் ஒளியை ஓரளவு ஊடுருவ விடும். உள்ளே விளக்கை வைத்து வெளியிலிருந்து பார்த்தால் அடுக்குப் பிரிந்த இடமும் காற்று சிக்கிய இடமும் சுற்றியுள்ள சுவரிலிருந்து வேறுபட்டுத் தெரியும். இழையும் ரெசினும் பிரியும்போது நடுவே புகும் காற்று ஒளியைச் சிதறடிப்பதால் அந்த இடம் பால்போல் வெளுக்கும். அடிபட்ட இடத்தின் உட்புறத்தில் நட்சத்திர வடிவில் மயிர்க்கீறல்கள் கிளம்பியிருக்கும். எஃகுக்குப் பழகிய ஆய்வாளர் வெளிப்புறத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஃபைபர்கிளாஸைத் தெரிந்தவர் முதலில் குழாயின் வாய்க்குள் விளக்கைக் கொண்டுபோவார். கையோ தலையோ நுழையாத சிறு விட்டங்களில் கேமரா புழக்கத்துக்கு வரும்வரை, இரு முனைகளிலிருந்தும் எட்டிய தூரம் பார்த்ததோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

காதால் அறிவது இன்னும் கடினம். கண்ணாடியிழைச் சுவர் இரும்பைப்போல் கணீரென்று ஒலிக்காது. ஆனாலும் நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தட்டிக்கொண்டே போனால், அடுக்குப் பிரிந்த இடத்தில் ஓசை பொத்தென்று மாறும். பயிற்சி உள்ளவருக்கு இது இன்றும் மதிப்புள்ள முறை. பெரிய பிரிவுகளை மட்டுமே அது காட்டும் என்பதும், சுவர் தடிக்கத் தடிக்க நம்பகம் குறையும் என்பதும் அதன் வரம்புகள்.

மூன்று பழைய கருவிகளில் எதுவுமே காட்டாத ஒரு குறை புதிய பொருளில் இருந்தது. ரெசின் முழுதாகக் கெட்டிப்பட்டதா என்ற கேள்வி இரும்புக்குக் கிடையாது. வினையூக்கி குறைந்தாலோ, குளிரில் வார்த்தாலோ, கலவை சரியாகக் கலக்காவிட்டாலோ ரெசின் அரைகுறையாக நின்றுவிடும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். அமிலத்திலோ வெந்நீரிலோ வேலைக்குப் போனபின் இளகும். இதற்கு விடை போர்க்காலப் பட்டறையிலிருந்து வந்தது. இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரில் இருந்த பார்பர்-கோல்மன் நிறுவனம், விமானங்களின் அலுமினியம் போன்ற மென்மையான உலோகங்களின் கடினத்தை இருந்த இடத்திலேயே அளக்கக் கையடக்கமான கருவி ஒன்றைச் செய்திருந்தது. சுருள்வில்லின் விசையால் ஒரு கூர்முனை பரப்பில் அழுந்தும்; எவ்வளவு குறைவாக இறங்குகிறதோ அவ்வளவு அதிகமான எண்ணை முகப்பு காட்டும். நிறுவனத்தின் பெயரிலிருந்தே பார்கால் என்ற பெயர் நிலைத்தது. பிளாஸ்டிக் தொழில் அதை எடுத்துக்கொண்டு, ஏ.எஸ்.டி.எம். டி 2583 என்ற தரத்தில் நிலைப்படுத்தியது. நன்கு கெட்டிப்பட்ட பாலியெஸ்டர் சுவரில் அளவு பெரும்பாலும் 30-க்கு மேல் நிற்கும். ரெசின் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச எண்ணில் 90 விழுக்காடாவது வரவேண்டும் என்பது ரசாயனக் கலத் தொழிலில் பரவலான ஏற்பு விதி.

ஒரே இடத்தில் ஒருமுறை அளந்த எண்ணை நம்புவதற்கில்லை. கூர்முனை இழையின் மேல் இறங்கினால் எண் ஏறும், ரெசின் திட்டில் இறங்கினால் தாழும். அதனால் பல இடங்களில் குத்தி, மிக உயர்ந்தவற்றையும் மிகத் தாழ்ந்தவற்றையும் தள்ளி, மற்றவற்றின் சராசரியை எடுப்பது வழக்கமாயிற்று. கூடவே இன்னொரு எளிய சோதனையும் உண்டு. அசிட்டோன் தோய்ந்த துணியால் பரப்பைத் துடைத்து, காய்ந்தபின் விரலால் தொட்டால், கெட்டிப்படாத ரெசின் பிசுபிசுக்கும். சேமிப்பில் கிடந்த குழாய்க்கு இந்தச் சோதனைகளில் ஒரு நற்செய்தி உண்டு. அறை வெப்பத்தில் கெட்டிப்படும் ரெசின் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மேலும் இறுகிக்கொண்டே போகும். கிடங்கில் கிடந்த காலம் குழாய்க்கு நன்மை செய்யும் இடங்களுள் இது ஒன்று. மற்றவை மிகக் குறைவு. எபாக்சி குழாய்களுக்கு, சிறு துண்டை வெட்டிச் சூடேற்றி, கண்ணாடித்தன்மை இழக்கும் வெப்பநிலையை அளக்கும் ஆய்வகச் சோதனை பின்னாளில் இதே கேள்விக்கு இன்னும் துல்லியமான விடை தந்தது.

நீரழுத்தச் சோதனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று தொடக்கத்தில் நம்பினார்கள். எஃகுக் குழாய் அழுத்தம் தாங்கினால் தாங்கிற்று, மறுநாளும் தாங்கும். கண்ணாடியிழையில் காலம் என்ற இன்னொரு அளவு சேர்ந்துவிடுகிறது. இன்று ஓர் அழுத்தத்தை எளிதாகத் தாங்கும் சுவர், அதே அழுத்தத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் ரெசினில் நுண்விரிசல்கள் இணைந்து கசியத் தொடங்கும். அது பெரும்பாலும் வெடிப்பதில்லை. வெளிப்பரப்பில் நீர்த்துளிகள் வியர்வைபோல் அரும்பும். இதை எண்ணில் பிடிக்க ஏ.எஸ்.டி.எம். டி 2992 தரம் வகுத்த வழி பொறுமையைக் கேட்பது. குறைந்தது 18 மாதிரிகளை வெவ்வேறு அழுத்தங்களில் வைத்து, ஒவ்வொன்றும் எப்போது தோற்கிறது என்று குறிக்கவேண்டும். சில மணிநேரத்தில் தோற்பவையும் 10,000 மணிநேரத்தைத் தாண்டுபவையும் அதில் இருக்கவேண்டும். அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோட்டை 1,00,000 மணிநேரம் அல்லது 50 ஆண்டு வரை நீட்டி, அங்கே கிடைக்கும் வலிமையிலிருந்துதான் குழாயின் அழுத்த வகுப்பு நிர்ணயிக்கப்படுகிறது. 10,000 மணிநேரம் என்பது ஓராண்டுக்கும் மேல். ஒரு பொருளைப் பற்றி வாக்குறுதி தருமுன் இவ்வளவு காலம் காத்திருந்த நேர்மை பாராட்டுக்குரியது.

இதன் விளைவு கிடங்குச் சோதனையையும் தொட்டது. சில நிமிடம் கொடுக்கும் நீரழுத்தம் குழாயின் ஆயுளைச் சொல்லாது; உற்பத்தியில் நேர்ந்த பெருங்குறையையும் வழியில் நேர்ந்த பெருஞ்சேதத்தையும் மட்டுமே வடிகட்டும். 1981-இல் முதன்முறை வெளியான ஏ.டபிள்யூ.டபிள்யூ.ஏ. சி 950 தரம், மிகப் பெரிய விட்டங்கள் நீங்கலாக, ஒவ்வொரு அழுத்தக் குழாயையும் அதன் வகுப்பின் இரு மடங்கு அழுத்தத்தில் ஆலையிலேயே சோதிக்கச் சொன்னது. களத்தில் பொருத்தியபின் கொடுக்கும் அழுத்தம் பெரும்பாலும் இயங்கழுத்தத்தின் ஒன்றரை மடங்கோடு நிற்கும். அதற்குமேல் போனால் சோதனையே சுவரில் நுண்விரிசலை உண்டாக்கும். நீருக்குப் பதில் காற்றால் அழுத்துவதையும் துறை ஏறத்தாழ முற்றாகவே கைவிட்டது. அழுத்தப்பட்ட காற்று சேமித்துவைக்கும் ஆற்றல் நீரைவிடப் பன்மடங்கு. குழாய் தோற்றால் நீர் ஒழுகும், காற்று சிதறடிக்கும். ஆளுயிர் சம்பந்தப்பட்ட இந்த விதியில் செலவையும் நேரத்தையும் காரணம் காட்டி விலக்குக் கேட்பவர்களுக்கு இடம் தரவே கூடாது.

1970-களில் கழிவுநீர்க் குழாய்கள் புதிய பாடம் ஒன்றைக் கற்றுத்தந்தன. வளைகுடா நாடுகளின் வெப்பத்தில் சாக்கடைக் காற்றிலிருந்து உருவாகும் கந்தக அமிலம் கான்கிரீட்டையும் கல்நார் சிமென்ட்டையும் கரைத்தது. அங்கெல்லாம் கண்ணாடியிழைக் குழாய் பெருமளவில் இடம்பிடித்தது. ஆனால் சாதாரண ஈ-வகைக் கண்ணாடியிழைக்கு அமிலம் பகை. அமிலம் இழையிலிருந்து கால்சியத்தையும் அலுமினியத்தையும் உருவியெடுக்கும். மண்ணின் சுமையால் சுவர் வளைந்து இழுபட்டிருந்தால், வலுவிழந்த இழை மிகக் குறைந்த சுமையிலேயே அறுந்துபோகும். இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் டெரெக் ஹல், பால் ஹாக் ஆகியோர் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வகை விரிசல் எப்படி நகர்கிறது என்று நுணுக்கமாக ஆய்ந்தார்கள். குழாயை வளைத்துவைத்து உள்ளே அமிலம் நிரப்பிக் காலக்கணக்கில் பார்க்கும் ஏ.எஸ்.டி.எம். டி 3681 சோதனை கழிவுநீர்க் குழாய்களுக்குக் கட்டாயமாயிற்று. அமிலத்தைத் தாங்கும் இ.சி.ஆர். வகைக் கண்ணாடியும் புழக்கத்துக்கு வந்தது.

சேமிப்பைப் பற்றிய பார்வையை இந்த ஆய்வுகள் மாற்றிவிட்டன. உட்படலம் முழுதாக இருக்கும்வரை அமிலம் இழையை எட்டாது. கிடங்கில் அடுக்கும்போது பட்ட ஓர் அடியில் உட்படலம் நட்சத்திரமாக விரிந்திருந்தால், அந்த வழியே அமிலம் இழையை எட்டிவிடும். நீரழுத்தச் சோதனையில் அந்தக் குழாய் தேறிவிடும். பல ஆண்டு கழித்து நிலத்தடியில் பிளக்கும். குழாய் உடைந்த இடத்துக்கும் காரணம் நடந்த இடத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டரும் பத்தாண்டும் இருக்கலாம். பொருத்துமுன் உட்புறத்தை ஒவ்வொரு குழாயிலும் பார்க்கவேண்டும் என்ற விதிக்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

காதின் சோதனை இதே காலத்தில் மறுபிறவி எடுத்தது. 1950-இல் ம்யூனிக் நகரில் ஜோசப் கைசர் தம் முனைவர் ஆய்வில் ஓர் உண்மையைக் கண்டார். சுமை ஏற்றப்படும் உலோகம் மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்புகிறது. சுமையை இறக்கி மீண்டும் ஏற்றினால், முன்பு தாங்கிய உச்ச அளவைத் தாண்டும்வரை அது அமைதியாக இருக்கிறது. மொன்சான்டோ நிறுவனத்தில் பணியாற்றிய டிமதி ஃபௌலர், இதைக் கண்ணாடியிழைக் கலங்களுக்குப் பயன்படுத்தினார். ரசாயன ஆலைகளில் கலங்கள் எதிர்பாராமல் உடைந்துகொண்டிருந்த நாள்கள் அவை. சேதமுற்ற கூட்டுப்பொருள் கைசரின் விதியை மீறுகிறது: பழைய உச்சத்தை எட்டுமுன்பே ஒலியெழுப்பத் தொடங்குகிறது. எவ்வளவு முன்னதாக ஒலிக்கிறதோ அவ்வளவு சேதம். 1982-இல் இதற்கென அமைந்த குழு கலங்களுக்கான செய்முறையை வெளியிட்டது. 1980-களுக்குள்ளேயே கலங்களுக்கு ஈ 1067, குழாய்களுக்கு ஈ 1118 என்று ஏ.எஸ்.டி.எம். தரங்கள் வந்துவிட்டன.

சுவரில் ஒட்டிய உணரிகள், நீரழுத்தம் ஏறும்போது உள்ளே அறுபடும் இழைகளையும் விரியும் ரெசினையும் கேட்கின்றன. கிடங்குக் குழாய்க்கு இதன் தருக்கம் மிகப் பொருத்தமானது. ஆலையில் கொடுத்த சோதனை அழுத்தம் ஏட்டில் இருக்கிறது. அதற்கு வெகுவாகக் கீழேயே குழாய் ஒலியெழுப்பினால், ஆலையை விட்டு வந்தபின் அதற்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. செலவும் பயிற்சியும் கேட்பதால் எல்லாக் குழாய்க்கும் இதைச் செய்வதில்லை. ஆபத்தான ரசாயனம் ஓடும் தொடர்களுக்கே இது பெரிதும் ஒதுக்கப்படுகிறது. இழை ஒலியலையைச் சிதறடிப்பதால் எஃகில் சிறப்பாக வேலை செய்யும் மீயொலிச் சோதனை இங்கே தடுமாறுகிறது. அந்தக் குறையை உணரிகளால் கேட்கும் இந்த ஒலிவெளிப்பாட்டு முறைதான் பெரும்பாலும் ஈடுசெய்கிறது.

அனுபவமும் ஆய்வும் சேர்ந்து சேமிப்பு விதிகளைச் செதுக்கின. வெயிலின் புறஊதாக் கதிர் ரெசினைச் சுண்ணாம்புபோல் பொடியாக்கும். வெளிப்பூச்சு தேய்ந்தால் இழைகள் மயிர்போல் எழும்பி நிற்கும். தடித்த சுவரின் வலிமை இதனால் விரைவில் குறைவதில்லை, ஆனால் பசையிட்டு ஒட்டவேண்டிய முனைகளில் இது பெருங்கேடு. வெயில்பட்ட பரப்பில் பசை பிடிக்காது. அதனால் ஒட்டுமுன் முனையை மீண்டும் தேய்த்துப் புதுப்பரப்பை வெளிக்கொணர்வது கட்டாயம். சரிவாகச் சீவிய முனைகளைச் சீவிய சில மணிநேரத்துக்குள் ஒட்டிவிட வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

அடுக்கின் உயரத்துக்கும் கணக்கு உண்டு. கீழ்வரிசைக் குழாய் மேல்வரிசைகளின் எடையால் நசுங்கி முட்டை வடிவாகும். விறைப்பு குறைந்த குழாய்க்கு விட்டத்தில் 2.5 விழுக்காடும் விறைப்பு மிகுந்ததற்கு 1.5 விழுக்காடும் சேமிப்பில் ஏற்கத்தக்க நசுக்கத்தின் எல்லை என்று பரவலாக வழங்கும் கையேடுகள் சொல்கின்றன. விறைத்த குழாய்க்குக் குறைவான எல்லை வைத்திருப்பது முரண்போல் தோன்றும். ஆனால் தடித்த சுவர் அதே அளவு நசுங்கும்போது அதன் பரப்பு அதிகம் இழுபடுகிறது. இரண்டாண்டு அப்படி நசுங்கிக் கிடந்த குழாய் வட்டமாகத் திரும்பாவிட்டால் இணைப்பு வளையத்தில் பொருந்தாது. ஆகவே விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளப்பது கிடங்குச் சோதனையில் மறக்கக்கூடாத படி.

குழாய் மட்டுமே முதுமையடைவதில்லை. ரப்பர் வளையங்கள் வெயிலிலும் எண்ணெய்ப் பசையிலும் வெடித்து இறுகும். அவற்றை நிழலில், இழுபடாத நிலையில் வைக்கவேண்டும். எபாக்சிப் பசைப் பெட்டிகளுக்குக் காலாவதித் தேதி உண்டு, அதுவும் குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கீழே வைத்தால்தான் செல்லும். எண்ணெய் வயல் குழாய்களின் திருகு மரைகளில் காப்பு மூடி கழன்றிருந்தால், மணலும் அடியும் மரையின் முனையைச் சிதைத்திருக்கும். உலோக மரையில் நெளிந்ததை அரம் வைத்துச் சீராக்கலாம். இங்கே உடைந்த மரையை அப்படித் திருத்த முடியாது. குழாய்த் தொடர்களில் முதலில் கசிவது பெரும்பாலும் இணைப்பு என்பதால், குழாயைப் பார்த்துவிட்டு வளையத்தையும் பசையையும் பார்க்காமல் விடுவது பாதிச் சோதனை.

இவ்வளவும் சிதறிக் கிடந்த நிலையில் கடல் எண்ணெய்த் தளங்கள் அதை ஒருங்கிணைத்தன. பிரிட்டனின் கடல் எண்ணெய் நிறுவனங்களின் சங்கம் 1994-இல் வெளியிட்ட விவரக்குறிப்பிலிருந்து ஐ.எஸ்.ஓ. 14692 என்ற பன்னாட்டுத் தரம் 2002-இல் உருவானது, 2017-இல் திருத்தப்பட்டது. வடிவமைப்பு முதல் களத்தில் பொருத்துவது வரை ஒரே தொகுப்பில் கொண்டுவந்து, எந்தக் குறையைத் தேய்த்துச் சரிசெய்யலாம், எதைத் தள்ளவேண்டும் என்று அது தெளிவாக்கியது. இந்தியாவில் ஐ.எஸ். 12709-இன் 1994 பதிப்பு குடிநீர்க் குழாய்களுக்கும், அதே ஆண்டின் ஐ.எஸ். 13916 பதிக்கும் முறைக்கும், 1996-இன் ஐ.எஸ். 14402 கழிவுநீர்க் குழாய்களுக்கும் வழிகாட்டுகின்றன. நம் ஊர் ஒப்பந்ததாரர்கள் ஜி.ஆர்.பி. பைப் என்று சொல்லி வாங்குவது இந்தத் தரங்களின்படி செய்ததைத்தான்.

இன்று சேமிப்புக் குழாய் ஒன்று ஆலைக்குப் போகும் பாதை ஏடுகளிலிருந்து தொடங்குகிறது. குழாயின் மேல் அச்சிட்ட தொகுதி எண்ணைக் கொண்டு அதன் ரெசின், அழுத்த வகுப்பு, விறைப்பு, தயாரித்த தேதி, ஆலைச் சோதனை ஆகியவற்றைத் தேடியெடுக்கிறார்கள். ஏடு கிடைக்காத குழாய் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் ஆபத்தான பாய்பொருளுக்குத் தகாது, ஏனெனில் பாலியெஸ்டர் ரெசினையும் வினைல் எஸ்டர் ரெசினையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. பிறகு கழுவித் துடைத்து உள்ளும் புறமும் விளக்கொளியில் பார்வை, தட்டல், விட்ட அளவு, பார்கால் எண், முனைகளும் வளையங்களும். ஐயத்துக்குரியவை சுண்ணக்கட்டியால் வட்டமிடப்பட்டுத் தனியே அடுக்கப்படும். பொருத்தி முடித்தபின் தொடரை மெல்ல நிரப்பி, உச்சிகளில் காற்றை முழுதாக வெளியேற்றி, படிப்படியாக அழுத்தம் ஏற்றி, இணைப்புகளை ஒவ்வொன்றாக நடந்து பார்க்கிறார்கள். முதல் சில நிமிடங்களில் சுவர் சற்று விரிந்துகொடுப்பதாலும் சிக்கிய காற்று கரைவதாலும் அழுத்தமானி இறங்கும். நீரை ஈடுசெய்து, அழுத்தம் நிலைத்தபிறகே கணக்கைத் தொடங்குவார்கள்.

இந்தச் சோதனைகள் எதுவும் நீண்ட நாள் கிடந்த குழாயின் மீதி ஆயுளை நேரடியாகச் சொல்வதில்லை. வெயிலில் பல ஆண்டு கிடந்த பெரிய தொகுதியில் ஐயம் தீராவிட்டால், அதிலிருந்து மோசமாகத் தெரியும் ஒன்றிரண்டு குழாய்களைத் தேர்ந்து அழிக்கிறார்கள். ஒரு வளையத்தை வெட்டி இரு தட்டுகளுக்கிடையே நசுக்கி விறைப்பை அளக்கிறார்கள். ஒரு துண்டை ஏறத்தாழ 565 பாகை செல்சியஸில் எரித்து, மிஞ்சும் கண்ணாடியின் எடையிலிருந்து இழை விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள். இன்னொரு துண்டின் வெட்டுமுகத்தை மெருகேற்றி உட்படலத்தை உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். ஒரு முழு நீளத்தின் இரு முனைகளையும் அடைத்து, வெடிக்கும்வரை நீரழுத்தம் ஏற்றுகிறார்கள். கிடைக்கும் எண்கள் குழாய் ஆலையை விட்டு வெளியேறியபோது எழுதப்பட்ட எண்களோடு ஒத்துப்போனால், எஞ்சிய குழாய்கள் ஒவ்வொன்றாகப் பார்வைச் சோதனைக்குப் போகின்றன. ஒத்துப்போகாவிட்டால் தொகுதி முழுவதும் தள்ளப்படுகிறது, அல்லது அழுத்தமில்லாத வடிகால் போன்ற தாழ்ந்த பணிக்கு எழுத்துமூலம் மாற்றப்படுகிறது.